உயிர் வந்தால் பேசும் எழுத்து

மான்ட்ரியல் தீவின் மேற்கு முனையில், ஒட்டாவா ஆற்றுத் தண்ணீர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை நோக்கி இறங்கும் இடத்தில் இருக்கிறது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. சின்ன ஊர். விலங்குத் தோல் வாங்க மேற்கே காட்டுக்குப் போன பிரெஞ்சுப் படகோட்டிகள் அந்தக் காலத்தில் இங்கே கரையேறி, தேவாலயத்தில் வேண்டிக்கொண்டுதான் அடுத்த துடுப்பைப் போட்டார்கள். ஆன் அம்மாள் அவர்களுடைய காவல் புனிதர். 1843-இல் திறந்த படகுக் கால்வாயின் மதகு இன்றும் வேலை செய்கிறது. கோடையில் உல்லாசப் படகுகள் அதற்குள் வந்து நிற்கும், கதவு மூடும், தண்ணீர் மட்டம் மாறும், எதிர்க்கதவு திறக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் தம்பி மகள் கேட்டாள். எட்டு வயது. பிரெஞ்சுப் பள்ளி. 1977-இன் மொழிச் சட்டத்துக்குப் பிறகு, கியூபெக்கில் குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும்.

“பெரியப்பா, சேன்-லோரான்ல வர்ற டி-யைச் சொல்லக் கூடாது. இங்க மட்டும் ஏன் சொல்றாங்க?”

அவள் சொன்ன சேன்-லோரான் மான்ட்ரியலின் ஒரு பகுதி, ஒரு பெரிய சாலை, அந்த ஆற்றின் பெயரும்கூட. ஆங்கிலத்தில் செயின்ட் லாரன்ஸ். பிரெஞ்சில் எழுதினால் முதல் சொல்லின் கடைசியில் ஒரு ‘டி’, இரண்டாம் சொல்லின் கடைசியில் இன்னொரு ‘டி’. வாயில் இரண்டுமே வராது. அதே சொல் சென்ட்-ஆனில் வரும்போது மட்டும் ‘டி’ கணீரென்று ஒலிக்கிறது.

“லோரான் ஆம்பளை, ஆன் பொம்பளை. ஆம்பளைன்னா சைலண்ட், பொம்பளைன்னா சத்தம்,” என்றேன். பிரெஞ்சு இலக்கணப்படி சரியான பதில்தான். பெண்பாலுக்குச் சொல்லின் கடைசியில் ஒரு ‘இ’ கூடும், ‘டி’ ஒலிக்கும்.

கொஞ்ச நேரம் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டாள். பிறகு, “அப்போ சேன்-டான்ட்வான்?” என்றாள்.

மான்ட்ரியல் நகரின் நடுவே ஓடும் தெரு அது. அந்தோனியார் தெரு. அந்தோனியார் ஆண். ஆனாலும் ‘டி’ ஒலிக்கிறது. என் பதில் அங்கேயே விழுந்துவிட்டது. சரியான பதிலைச் சேர்க்க எனக்குப் பல மாதம் ஆனது. அதன் சாவி பிரெஞ்சு இலக்கணத்தில் இல்லை, நாம் சின்ன வயதில் படித்த தமிழ் இலக்கணத்தில் இருந்தது.

முதலில் ஒரு விஷயம். அந்த ‘டி’ யாரோ வேண்டுமென்றே எழுதிவைத்த வீண் எழுத்து அல்ல. ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் அதை உண்மையாகவே உச்சரித்தார்கள். அதற்கு நம்மிடம் சாட்சி இருக்கிறது: ஆங்கிலம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் போயின. அப்போது பிரெஞ்சுக்காரர் வாயில் ‘டி’ இருந்தது. அதனால்தான் ஆங்கிலேயர் இன்றும் ‘செயின்ட்’ என்று ‘டி’யை முழுசாகச் சொல்கிறார்கள். கடன் வாங்கியவன் வீட்டில் பொருள் பத்திரமாக இருக்கிறது. கொடுத்தவன் வீட்டில் அது தேய்ந்துபோனது.

ஏன் தேய்ந்தது? சொல்லின் கடைசியில் தனியாக நிற்கும் மெய்யெழுத்தைக் கவனியுங்கள். ‘டி’யை ஒலிக்க நாக்கு மேலே முட்டுகிறது, காற்று அடைபடுகிறது. அந்த அடைப்பு திறக்கும்போதுதான் காதுக்கு ஒலி தெரியும். பின்னால் ஓர் உயிரொலி இருந்தால் நாக்கு அதை நோக்கித் திறக்கும், மெய் தெளிவாகக் கேட்கும். பின்னால் எதுவும் இல்லையென்றால் முட்டியதோடு நின்றுவிடலாம். கேட்பவருக்குப் பாதிதான் கேட்கும். தலைமுறை தலைமுறையாகப் பாதி கேட்ட பிள்ளைகள், பிறகு பாதியே சொன்ன பிள்ளைகள், கடைசியில் சொல்லாமலே விட்டுவிட்ட பிள்ளைகள்.

தொல்காப்பியம் மெய்க்கு அரை மாத்திரைதான் கொடுத்தது. புள்ளி வைத்த எழுத்தை நம் முன்னோர் ‘மெய்’, அதாவது உடல் என்றார்கள்; அதன்மேல் ஏறி அதை எழுப்புவதை ‘உயிர்’ என்றார்கள். பிரெஞ்சு ‘டி’யின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொற்களை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. சேன்-லோரானில் ‘டி’க்குப் பின்னால் உயிர் இல்லை, அது உடலாகக் கிடக்கிறது. அந்தோனியாரின் பிரெஞ்சுப் பெயர் உயிரொலியில் தொடங்குகிறது. அது வந்து ஏறியதும் உடல் எழுந்து பேசுகிறது. ‘தமிழ்’ என்பதோடு ‘அரசு’ சேர்ந்து ‘தமிழரசு’ ஆவதை ஆறாம் வகுப்பில் புணர்ச்சி என்று படித்தோமே, அதுவேதான். நம்முடைய ழகரம் உயிர் வராவிட்டாலும் ஒலிக்கும், பிரெஞ்சு ‘டி’ உயிர் வந்தால்தான் ஒலிக்கும். வேறுபாடு அவ்வளவே.

சென்ட்-ஆன்? லத்தீனில் பெண் புனிதரைக் குறித்த சொல் உயிரொலியில் முடிந்தது. அந்த உயிர் பல நூறு வருஷம் ‘டி’க்குக் காவல் நின்றது. பின்னர் காவல் நின்ற உயிரும் தேய்ந்து மறைந்தது. ஆனால் அதற்குள் ஆண்பாலின் ‘டி’ போய்விட்டிருந்தது, பெண்பாலின் ‘டி’ தப்பிவிட்டது. இன்று எழுத்தில் கடைசியில் நிற்கும் ‘இ’ அந்தக் காவல்காரனின் நடுகல். தான் ஒலிக்காமல், தனக்கு முன் நிற்பதை ஒலிக்கச் சொல்கிறது.

இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அவள் வாயிலேயே இருக்கிறது. அவளிடம் கேட்டேன்: “உன் ஃப்ரெண்டு வந்தாளா?” “வந்தா.” அவ்வளவுதான். நான் கேட்டபோது இருந்த ‘ள்’, அவள் பதிலில் இல்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘அவள்’ என்பது ‘அவ’. ‘வந்தாள்’ என்பது ‘வந்தா’. ளகர மெய் சைலண்ட். ஆனால் ‘அவளுக்கு’, ‘அவளோட’, ‘வந்தாளா’ என்று உயிர் வந்து ஒட்டியதும் ‘ள்’ எங்கிருந்தோ ஓடி வருகிறது. எழுதும்போது ‘அவள்’ என்று ஏன் போட வேண்டும் என்று எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘அவளுக்கு’ என்று சொல்லிப் பார்த்தால் போதும். ‘நான்’ என்பதையும் பேச்சில் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி மேலே முட்டுவதில்லை. ‘நா’ என்று மூக்கோடு நிற்கிறது. ‘நானா?’ என்றால் ‘ன்’ வருகிறது. பிரெஞ்சில் ‘நல்ல’ என்பதற்கு ஆண்பால் ‘போ’ என்று மூக்கோடு நிற்கும், பெண்பால் ‘போன்’ என்று னகரம் ஒலிக்கும். அதே இயந்திரம்.

மான்ட்ரியல் தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர். யாழ்ப்பாணப் பேச்சில் ‘அவள்’ என்பதன் ளகரம் இப்படி விழாது. ஆனால் ‘போகிறேன்’ என்பது அங்கே ‘போறன்’. நடுவில் நின்ற ககரம் காணோம். ‘போகேல்லை’ என்றால் அது திரும்பிவிடுகிறது. ஊருக்கு ஊர் விழும் எழுத்து வேறு. விழுந்தது அதே வேரிலிருந்து வந்த உறவுச் சொல்லில் எழுந்து நிற்பது எங்கும் ஒன்று.

பிரெஞ்சில் உறவுச் சொல்லைத் தேடும் இந்த வழிக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்றால், அதன் சொற்களில் கால் பங்குக்கும் மேலானவை ஒலிக்காத எழுத்தில் முடிகின்றன. ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோனிக் செனேஷால், மாக்சிம் ஜாங்ரா இருவரும் அந்தச் சொற்களையெல்லாம் திரட்டி 2017-இல் ஒரு தரவுத்தளமே வெளியிட்டார்கள். வாசிக்கிறவருக்கு இதில் தொல்லை குறைவு, கடைசி மெய்யை விட்டுவிட்டுப் போகலாம். எழுதுகிறவருக்குத்தான் கஷ்டம். காதில் விழாத எழுத்தை எங்கிருந்து எடுப்பது? ‘டி’யா, ‘எஸ்’ஸா, ‘பி’யா? ஃபிலிப் சீமோரும் கூட்டாளிகளும் 13 மொழிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, வாசிப்பிலேயே இடைவெளி எவ்வளவு என்று காட்டியது. பழக்கமான சொற்களில் ஃபின்லாந்துப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாக வாசித்தார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகள் 79. ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34. அறிவில் என்ன குறை அந்தப் பிள்ளைகளுக்கு? எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள தூரம் அது.

அதே செனேஷால் 2000-இல் ஓர் ஆய்வு செய்தார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வகைச் சொற்களைச் சொல்லி எழுதவைத்தார். ஒலிப்பதுபோலவே எழுதும் சொற்கள். கடைசி மெய் ஒலிக்காது, ஆனால் உறவுச் சொல்லில் ஒலிக்கும் சொற்கள். கடைசி மெய் ஒலிக்காது, காட்டிக்கொடுக்க உறவும் இல்லாத சொற்கள். மான்ட்ரியல் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லால் சொன்னால், ‘குளிர்’ என்பதற்கு ‘ஃப்ர்வா’, அதன் பெண்பால் ‘ஃப்ர்வாட்’. ஒளிந்த எழுத்து ‘டி’ (D) என்று பெண்பால் சொல்லிவிடுகிறது. குளிருக்குக் கழுத்தில் சுற்றும் துணி ‘ஃபூலார்’. அதன் கடைசியிலும் ஒரு மௌன எழுத்து உண்டு, ஆனால் துப்புக் கொடுக்க யாரும் இல்லை. பிள்ளைகள் முதல் வகையை நன்றாக எழுதினார்கள். மூன்றாம் வகையில் தடுமாறினார்கள். உறவு உள்ள சொற்கள் நடுவில் நின்றன. 2006-இல் அவரே நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், “இதை எப்படி எழுதினாய்?” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்டார். பெண்பாலை நினைத்தேன், உறவுச் சொல்லை நினைத்தேன் என்று சொன்ன இடங்களில் எழுத்து சரியாக இருந்தது.

இதில்தான் எனக்கு மனம் நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் கையில் ஒரு சாவி இருந்தது. எல்லாப் பூட்டுக்கும் அதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிப் பழக்குவது நம் வேலை அல்லவா? கியூபெக்கில் சொல்வதெழுதுதல் பெரிய விஷயம். மாகாணத்தின் முதல் கல்வி அமைச்சராக 1964-இல் பொறுப்பேற்ற போல் ஜெரான்-லாஜ்வாவின் பெயரில் உள்ள அறக்கட்டளை, 1991 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதும் போட்டியே நடத்துகிறது. சமையலறை மேசையில் இரவு ஒன்பது மணிக்குத் தாய் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும் காட்சி தமிழ் வீடுகளிலும் உண்டு. தாய்க்குப் பிரெஞ்சு தெரியாமல் இருக்கலாம். ‘அவ—அவளுக்கு’ தெரியும்.

சென்ட்-ஆனுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. புகையிலை வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த வில்லியம் மெக்டொனால்ட், 1907-இல் இங்கே மெக்டொனால்ட் கல்லூரியைத் திறந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அப்போது நகரத்திலிருந்து இங்கே வந்தது. வேளாண்மை, மனையியல், ஆசிரியர் பயிற்சி மூன்றும் ஒரே வளாகத்தில். கியூபெக்கின் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போன ஆசிரியர்கள் 60 ஆண்டுக்கு மேல் இந்த ஊரில்தான் பழகினார்கள். ‘நைஃப்’ என்ற சொல்லின் ‘கே’யை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி இங்கே எத்தனை வகுப்பறையில் எழுந்திருக்கும்!

ஆங்கிலத்தின் மௌன எழுத்துகள் வேறு சாதி. சில பிரெஞ்சைப் போலவே உறவால் பிடிபடும். ‘சைன்’ என்பதில் ‘ஜி’ இல்லை, ‘சிக்னல்’ என்றால் இருக்கிறது. ‘பாம்’ என்பதன் கடைசி ‘பி’ பேசாது, ‘பம்பார்ட்’ என்றால் வெடிக்கும். ‘ஆட்டம்’ என்ற இலையுதிர்காலத்தின் ‘என்’, ‘ஆட்டம்னல்’ என்று நீட்டினால் வரும். ஆனால் ‘நைஃப்’, முழங்காலைக் குறிக்கும் ‘நீ’ போன்றவற்றின் ‘கே’க்கு ஆங்கிலத்துக்குள் துணை இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘க்னீஃப்’ என்றுதான் சொன்னார்கள். காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சு எந்திரம் வைத்தபோது ‘கே’ உயிரோடு இருந்தது. எழுத்து அச்சில் உறைந்த பிறகுதான் வாயிலிருந்து அது போனது. உறவு வேண்டுமானால் ஜெர்மனிக்குப் போக வேண்டும். முழங்காலை அங்கே இன்றும் ‘க்னீ’ என்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. யாரும் எப்போதும் ஒலிக்காத, படித்தவர்கள் நட்டுவைத்த எழுத்துகள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. லத்தீன் மூலத்தில் ‘பி’ உண்டே என்று அறிஞர்கள் அதைச் செருகினார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ பழைய ஆங்கிலச் சொல். லத்தீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லத்தீன் வழிவந்த வேறொரு சொல்லோடு குழப்பி ‘எஸ்’ஸை நுழைத்தார்கள். பிரெஞ்சிலும் உண்டு. எடையைக் குறிக்கும் ‘ப்வா’ என்ற சொல்லில் நிற்கும் ‘டி’ (D), தவறான லத்தீன் மூலத்தைப் பார்த்துப் போட்டது. ஒரு காலத்தின் தவறான யூகத்துக்காக இன்றைய பிள்ளை மதிப்பெண் இழக்கிறது. எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு விந்தை. இப்படி நட்ட எழுத்துகளில் சிலவற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் நாம்தான். ‘சால்மன்’ மீனின் ‘எல்’, லத்தீனைப் பார்த்து ஆங்கிலேயர் செருகியது. அவர்கள் அதைச் சொல்வதில்லை. சென்னை மீன் கடையில் கேளுங்கள், லகரம் தெளிவாக விழும். தண்ணீர்க் குழாய்க்காரரைக் குறிக்கும் சொல்லில் ஆங்கிலேயர் ‘பி’யை விழுங்கிவிட்டார்கள், பிரெஞ்சுக்காரர் ‘ப்ளோம்பியே’ என்று ஒலிக்கிறார்கள், மயிலாப்பூரில் ‘பிளம்பர்’ என்று நாமும் ஒலிக்கிறோம். மகரத்துக்குப் பின் பகரம் வந்தால் ஒலிக்காமல் விட நம் நாக்குக்குத் தெரியாது. ஈயத்துக்கு ரோமானியர் வைத்த பெயரின் ‘பி’ அது.

இதைத் தவறான உச்சரிப்பு என்று பள்ளியில் திருத்துவார்கள். நானும் தமிழ் வழியில் படித்தவன். ‘க்னைஃப்’ என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லித்தான் எழுத்துக்கூட்டலைப் படித்தேன். ‘வெட்-நெஸ்-டே’ என்றுதான் புதன்கிழமையை எழுதினேன். பின்னாளில் தெரிந்தது, இது ஆய்வு ஏற்ற வழி. அமெரிக்க உளவியலாளர் லினியா ஏரி, எழுத்து நினைவில் எப்படித் தங்குகிறது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். எழுத்தைப் படம்போல மனப்பாடம் செய்வதில்லை, ஒலியோடு முடிச்சுப் போட்டுத்தான் மூளை வைத்துக்கொள்கிறது என்பது அவர் கண்டது. ஒலிக்காத எழுத்துக்கு முடிச்சுப் போட இடமில்லை, அது நழுவும். எனவே எழுதுவதற்காக மட்டும் அதற்கு ஓர் ஒலி கொடுங்கள், பேசும்போது விட்டுவிடுங்கள் என்கிறார். 1984-இல் டிரேக் என்பவரோடு சேர்ந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார். எழுத்துக்கு ஏற்ப ஒலித்துப் பழகிய பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள்.

அவருடைய இன்னொரு சோதனை என்னை அசைத்துவிட்டது. ‘ரிச்’, ‘பிட்ச்’ இரண்டிலும் ஒலிகள் மூன்றுதான். ‘பிட்ச்’ என்று எழுதும்போது மட்டும் நடுவில் ஒரு ‘டி’ கூடும். 1980-இல் ஏரியும் வில்ஸும் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக்கூட்டல் தெரிந்த பிள்ளைகளை ஒலிகளை எண்ணச் சொன்னார்கள். ‘ரிச்’சில் மூன்று என்றார்கள், ‘பிட்ச்’சில் நான்கு என்றார்கள். இல்லாத ‘டி’ அவர்களுக்குக் கேட்டது. எழுதத் தெரிந்த பிறகு காதே மாறிவிடுகிறது. 1982-இல் அதே இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு சொல்லை மனத்தில் நினைத்து, இந்த எழுத்து அதில் உண்டா என்று சொல்ல வேண்டும். ஒலிக்கும் எழுத்தைவிட மௌன எழுத்துக்கு வேகமாகப் பதில் வந்தது. பிறகு எதிர்பாராமல் கேட்டபோது, எந்த எழுத்து எந்தச் சொல்லுக்குரியது என்பதும் மௌன எழுத்துகளில்தான் அதிகம் நினைவிருந்தது. கூட்டத்தில் பேசாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நாம் அவரையே பார்ப்போம் அல்லவா, அப்படித்தான் போலும். கற்கும்வரை நழுவும் எழுத்து, கற்றபின் எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிகிறது.

“அதுல ‘கே’ சைலண்ட், மனப்பாடம் பண்ணு,” என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போகிற ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் எனக்குக் கெஞ்சத் தோன்றுகிறது. ஒரு நிமிஷம் நில்லுங்கள். உறவைக் கூப்பிடச் சொல்லுங்கள். உறவு வரவில்லையென்றால், அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று கதையாகச் சொல்லுங்கள். கதையும் இல்லையென்றால் சத்தம்போட்டு ஒலித்து எழுதவிடுங்கள், பிள்ளை சிரித்தாலும் பரவாயில்லை.

மறுபடி சென்ட்-ஆனுக்கு வந்து அவளிடம் இதையெல்லாம் சொன்ன நாளின் மாலை, மதகு மூடிய பிறகு நாங்கள் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். மேற்கே போகும் வண்டி. சென்ட்-ஆனை விட்டதும் ஆற்றுப் பாலம். அக்கரையில் அடுத்த நிலையம் ஈல்-பெரோ. 1672-இல் தீவை மானியமாகப் பெற்ற மான்ட்ரியல் ஆளுநர் பெரோவின் பெயர். பெயர்ப்பலகையில் முதல் எழுத்தின் தலையில் கூரைபோல ஒரு குறி இருந்தது. பழைய பிரெஞ்சில் அங்கே ஒரு ‘எஸ்’ இருந்தது. ஒலிக்காத அதை 1740-இல் பிரெஞ்சு அகாடமி எடுத்துவிட்டது, அது இருந்த இடத்துக்கு அடையாளமாக இந்தக் கூரை வந்தது என்றேன். ஆங்கிலேயர் தங்கள் தீவில் ‘எஸ்’ஸைப் பொய்யாகச் செருகினார்கள், பிரெஞ்சுக்காரர் நிஜமானதை எடுத்துவிட்டுக் கூரை போட்டார்கள். அவள் அதில் நிற்கவில்லை. பலகையின் கடைசி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரோவோட டி-யை எழுப்ப யாரைக் கூப்பிடறது, பெரியப்பா?”

யோசித்தேன். சட்டென்று யாரும் நினைவுக்கு வரவில்லை. வண்டி நின்றது. அவள் “பெ-ரோ-ட்” என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிட்டு இறங்கினாள்.